வாய்க்காலுக்குத் தெற்கு

எங்கள் தாத்தா 1958-இல் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தைச் சென்ற மாசி மாதம்தான் முதன்முறையாக முழுவதும் படித்தேன். பாகப் பிரிவினைக்காக இரும்புப் பெட்டியிலிருந்து அதை எடுத்தபோது மடிப்புகள் எல்லாம் இற்றுப்போய், முத்திரைத்தாளின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. விற்றவர் யார், வாங்கியவர் யார், கிரயத் தொகை எப்படி வரவானது என்ற வாசகங்களைக் கடந்தபின், பழைய எழுத்தர்கள் 'தபசில்' என்று குறிக்கும் சொத்து விவரம் வந்தது. அதன் கடைசி வரிகளில் சக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், இவ்வாறு இருந்தது: 'வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, கணக்குப்பிள்ளை வகையறா நஞ்சைக்கு வடக்கு, ஒற்றைப் பனை நிற்கும் திடலுக்குக் கிழக்கு, இந்நான்கெல்லைக்குள் பட்ட நஞ்சை மூன்று மா.'

நான் உடனே ஒரு தாளை எடுத்து வரைபடம் போட்டேன். தெற்கே வாய்க்கால், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே கணக்குப்பிள்ளை நிலம், கிழக்கே திடல். அந்தத் தாளோடு பத்திர எழுத்தரிடம் போய் உட்கார்ந்தபோது அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தலைகீழாகத் திருப்பி என்னிடமே கொடுத்தார். 'தம்பி, வாய்க்காலுக்குத் தெற்குன்னா நிலம் தெற்கே இருக்குன்னு அர்த்தம். வாய்க்கால் வடக்கே ஓடுது' என்றார். நான்கு எல்லையையும் ஒரே மாதிரி தவறாகப் படித்ததில் ஒரு வசதி இருந்தது: தாளைத் தலைகீழாகப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிட்டது.

நான்காம் வேற்றுமை உருபு ஒன்றைச் சரியாகப் படிக்காததன் விளைவு இது என்று வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது. அதோடு வேறொரு கேள்வியும் பிடித்துக்கொண்டது. உலகத்தில் எத்தனையோ வாய்க்கால்கள், எத்தனையோ வண்டிப்பாதைகள் இருக்க, பெயரே இல்லாத ஒரு துண்டு நிலத்தை இந்த நான்கு சொற்றொடர்கள் எப்படிக் குறிபார்த்து அடிக்கின்றன? மேலும் தமிழில், ஆங்கிலத்தில் உள்ளதுபோல, 'நான் சொல்வது உனக்குத் தெரிந்த அந்த ஒன்றைத்தான்' என்று அறிவிப்பதற்கென்றே பெயருக்கு முன் நிற்கும் தனிச்சொல் கிடையாது. அந்த வேலையை இங்கே யார் செய்கிறார்கள்?

'அந்த' என்ற சுட்டு செய்கிறது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மைதான். சுட்டு என்பது விரலை நீட்டுவது. எதிரில் இருப்பதையோ முன்பு பேசியதையோ காட்டுவது. ஈழத்தில் 'உந்த', 'உவன்', 'உது' என்று உகரச் சுட்டும் இன்றுவரை பேச்சில் புழங்குவதால், கேட்பவர் பக்கத்தில் இருப்பதைத் தனியாகக் காட்டும் வசதி அங்கே கூடுதலாக இருக்கிறது. ஆனால் 'தபால்காரர் வந்துவிட்டுப் போனார்' என்று என் மனைவி சொல்லும்போது சுட்டு எதுவும் இல்லை. எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் தபால்காரரைத்தான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. 'மேசையில் புத்தகம் இருக்கிறது' என்றால் ஏதோ ஒரு புத்தகம் இருக்கிறது என்ற செய்தி. 'புத்தகம் மேசையில் இருக்கிறது' என்றால் நீ தேடிக்கொண்டிருக்கும் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதற்கான பதில். சொற்கள் அவையே, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' இதைவிட நுட்பமாக வேலை செய்கிறது. 'பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்' என்றால் ஒரு சடங்கு. எந்தப் பெண் என்பது பேச்சே இல்லை, இரண்டு மூன்று வீடுகளுக்கும் போயிருக்கலாம். 'பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்' என்றால் கட்டிக்கொடுத்த மகளையோ, ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட ஒருத்தியையோ பார்க்கப் போயிருக்கிறார்கள். 'மரம் வெட்டினான்' என்பது ஒருவன் செய்த வேலை. 'மரத்தை வெட்டினான்' என்றால் எந்த மரம் என்பது இருவருக்கும் தெரியும், பெரும்பாலும் அதை ஒட்டி ஒரு சண்டையும் இருக்கும். பள்ளியில் இதை உருபு தொக்கது, விரிந்தது என்ற அளவில் படித்துவிட்டுக் கடந்துவிட்டோம்.

ஆக, தமிழில் குறிப்பிட்ட ஒன்றைப் பிரித்தெடுக்கும் பாரத்தின் பெரும்பகுதியைச் சொற்கள் சுமப்பதில்லை. பேசுகிற இருவருக்கும் நடுவில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம் சுமக்கிறது. உறவுக்காரர்களை நாம் குறிப்பிடும் முறையைப் பார்த்தாலே போதும். எங்கள் வீட்டில் ஒருவர் 'திருச்சி மாமா'. அம்மாவின் மூன்று அண்ணன்களில் திருச்சியில் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பெயர் வந்தது. அவர் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இடையில் இரண்டாவது மாமா பணி மாறுதலில் திருச்சிக்கே போய்விட்டார். இப்போது திருச்சியில் இருக்கும் மாமா திருச்சி மாமா அல்லர், திருச்சி மாமா திருச்சியில் இல்லை. வீட்டில் ஒருவருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. புதிதாக வந்த மருமகள்கள்தாம் முதல் ஓராண்டு திண்டாடுகிறார்கள்.

அடையாளத்துக்காகச் சொன்ன வருணனை இப்படிக் கெட்டிப்பட்டுப் பெயராகிவிடுவது நம்மிடம் பழைய வழக்கம். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. 'செம்புலப் பெயல் நீர்' என்ற அவர் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். தொடக்கத்தில் 'இந்தத் தொடரை எழுதியவர்' என்ற வருணனையாக இருந்தது, பின்னர் வருணனையின் பொருளை யோசிக்காமலே சொல்லும் பெயராக ஆகிவிட்டது.

பத்திரம் இந்த வசதிகள் எதையும் நம்ப முடியாத இடம். எழுதியவரும் எழுதி வாங்கியவரும் சாட்சிகளும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஊரையே பார்த்திராத ஒரு நீதிபதி படித்தாலும் அதே துண்டு நிலத்தில் போய் நிற்க வேண்டும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 21-ஆம் பிரிவில், சொத்தை அடையாளம் காணப் போதுமான வருணனை இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது. 'போதுமான' என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த சொல். முழுமையான வருணனையைச் சட்டம் கேட்கவில்லை. மண் கருப்பா செம்மையா, எத்தனை வரப்பு, என்ன விளைந்தது என்பதெல்லாம் அதற்கு வேண்டாம். வேறெதையும் குறிக்காமல் இதை மட்டும் குறித்தால் போதும்.

பத்திர எழுத்தர்களிடம் இதற்காகவே ஒரு எழுத்தும் இருக்கிறது: ௸. 'மேற்படி' என்று படிக்க வேண்டும். முன்னே வருணித்த அதே பொருள், வேறொன்றும் அல்ல, என்பதை ஒரே கீற்றில் சொல்லிவிடும் குறி. பேச்சில் இப்படி ஒரு சொல்லின் தேவையே இல்லாமல் வாழும் மொழி, எழுத்தில் அந்நியர்களுக்கு இடையே பொருளைக் கைமாற்ற வேண்டி வந்தபோது அதற்கென்றே ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டது. எங்கள் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் மட்டும் பதினோரு ௸ இருந்தன, நான் எண்ணினேன்.

சரி, வருணனை பொருந்தாவிட்டால்? மெய்யியலாளர்கள் இந்தக் கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். 1905-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 'பிரான்சின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர்' என்ற வாக்கியத்தை எடுத்து, அது உண்மையில் மூன்று கூற்றுகளின் தொகுப்பு என்று காட்டினார்: அப்படி ஒரு மன்னர் இருக்கிறார், ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கு வழுக்கை. பிரான்சு அப்போது குடியரசு என்பதால் முதல் கூற்றே பொய், ஆகவே வாக்கியமும் பொய். 1950-இல் பி. எஃப். ஸ்ட்ராசன் இதை மறுத்தார். மன்னரே இல்லாதபோது அவர் தலையைப் பற்றிய பேச்சு மெய்யும் அல்ல பொய்யும் அல்ல, அந்தக் கேள்வியே எழவில்லை என்றார். எனக்கு இதில் ஸ்ட்ராசன் பக்கம் சாய்வு உண்டு. யாராவது என்னிடம் வந்து 'உங்கள் மாட்டுக் கொட்டகை எரிகிறது' என்று சொன்னால் நான் 'பொய்' என்று சொல்ல மாட்டேன். 'எனக்கு ஏதய்யா கொட்டகை' என்றுதான் கேட்பேன்.

ஆனால் இவர்களுக்கு முன்பே, ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் இதே சிக்கலைப் பல பிரிவுகளில், உதாரணங்களோடு, வேலைக்கு ஆகும் வகையில் தீர்த்து வைத்திருந்தது என்பதைத் தபசில் படித்த வேகத்தில்தான் கண்டுகொண்டேன். 94-ஆம் பிரிவு: 'நூறு பிகா கொண்ட ராம்பூர் எஸ்டேட்' என்று ஒருவர் விற்கிறார், அவருக்கு ராம்பூரில் சரியாக நூறு பிகாவில் எஸ்டேட் இருக்கிறது, அப்புறம் 'நான் நினைத்தது வேறு ஊர் நிலம்' என்று சாட்சி சொல்ல முடியாது. 95-ஆம் பிரிவு: 'கல்கத்தாவில் உள்ள என் வீடு' என்று எழுதிக் கொடுக்கிறார், கல்கத்தாவில் அவருக்கு வீடே இல்லை, ஹவுராவில் ஒன்று இருக்கிறது, பத்திரம் எழுதிய நாள் முதல் வாங்கியவர் அதில்தான் குடியிருக்கிறார், அப்படியானால் பத்திரம் குறித்தது ஹவுரா வீட்டையே என்று நிரூபிக்கலாம். 96: 'என் வெள்ளைக் குதிரை' என்கிறார், இரண்டு வெள்ளைக் குதிரைகள் இருக்கின்றன. 97: 'இன்னார் அனுபவத்தில் (அதாவது கைவசத்தில்) உள்ள, இன்ன ஊர் நிலம்' என்கிறார், அந்த ஊரில் நிலம் உண்டு ஆனால் அது இன்னார் அனுபவத்தில் இல்லை, இன்னார் அனுபவத்தில் நிலம் உண்டு ஆனால் அது அந்த ஊரில் இல்லை. இந்த இரண்டிலும் எதைக் கருதினார் என்று சாட்சி விடலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் இந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது.

கல்கத்தா வீட்டை ரஸ்ஸலிடம் கொண்டுபோனால், அப்படி ஒரு வீடு இல்லை, ஆகவே கூற்று பொய் என்பார். 1966-இல் கீத் டான்னலன் வேறொரு வழியைக் காட்டினார். விருந்தில் கையில் கோப்பையோடு நிற்பவரைப் பார்த்து 'மார்ட்டினி குடிக்கிறாரே, அவர் யார்' என்று கேட்டால், கோப்பையில் இருப்பது வெறும் தண்ணீராகவே இருந்தாலும் நாம் அவரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறோம் என்றார். ஹவுரா வீட்டின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் சட்டம் டான்னலனை விடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு பிடியை வைத்திருக்கிறது. விற்றவர் மனத்தில் என்ன நினைத்தார் என்பதைத் துழாவுவதற்கு முன், வாங்கியவர் எந்த வீட்டில் போய் உட்கார்ந்தார் என்று பார்க்கிறது.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் உயில்களைப் பற்றிய 78, 79 பிரிவுகளைப் படித்தபோதுதான் உண்மையிலேயே எழுந்து நடமாட வேண்டியதாயிற்று. 'எல் என்ற ஊரில் உள்ள, எக்ஸ் என்பவர் அனுபவத்தில் இருக்கும் என் சதுப்பு நிலங்கள்' என்று ஒருவர் எழுதி வைக்கிறார். அவருக்கு அந்த ஊரில் சதுப்பு நிலம் உண்டு, ஆனால் எதுவும் எக்ஸ் அனுபவத்தில் இல்லை. அப்படியானால் 'எக்ஸ் அனுபவத்தில் இருக்கும்' என்பதைப் பிழையென்று தள்ளிவிட்டு, அந்த ஊர்ச் சதுப்பு நிலம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும், இது 78. அதே வாசகம், ஆனால் சதுப்பு நிலங்களில் சில எக்ஸ் அனுபவத்தில் உள்ளன, சில இல்லை. இப்போது அந்த அடைமொழியைத் தள்ளவே கூடாது, எக்ஸ் அனுபவத்தில் உள்ளவை மட்டுமே போய்ச் சேரும், இது 79. ஓர் எழுத்துக்கூட மாறாத ஒரே தொடர், வெளியே உள்ள நிலம் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து, ஓரிடத்தில் கழித்துக்கட்ட வேண்டிய சுமையாகவும் இன்னோரிடத்தில் பிரித்தெடுக்கும் கத்தியாகவும் ஆகிறது.

இதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறோமே என்று தோன்றியது. 'இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல செய்யுளாறே' என்பது நூற்பா. அடைமொழி கொடுத்தால் அது தன் இனத்தில் வேறொன்று இருப்பதைச் சுட்ட வேண்டும். சுட்ட வேறு இனம் இல்லாதபோது பண்பைச் சேர்த்துச் சொல்வது பேச்சு வழக்கு அல்ல, செய்யுள் வழக்கு. செஞ்ஞாயிறு என்பது எடுத்துக்காட்டு. சிவப்பல்லாத ஞாயிறு ஒன்று இருந்து அதிலிருந்து பிரிக்கவா 'செம்' என்றோம்? பிற்கால இலக்கணக்காரர்கள் இதையே பிறிதின் இயைபு நீக்குதல், தன்னோடு இயைபின்மை நீக்குதல் என்று இரண்டாக வகுத்தார்கள். முன்னது பிறவற்றை விலக்கிப் பிரிக்கும் அடை. பின்னது எதையும் பிரிக்காது, பொருளோடு அந்தப் பண்பு உண்டு என்று மட்டும் சொல்லும் அடை.

கொட்டிலில் ஒரே பசு நிற்கும் வீட்டில் 'பசுவை அவிழ்த்து விடு' என்பதே போதும். 'கறுப்புப் பசுவை அவிழ்த்து விடு' என்று சொன்னால், கேட்பவன் கொட்டிலுக்குள் இன்னொரு பசுவைத் தேடுவான். எத்தனை பசு என்று நாம் சொல்லவே இல்லை, அடைமொழி சொல்லிவிட்டது. 79-ஆம் பிரிவின் நீதிபதியும் இந்தப் பையனைப் போலத்தான் போய்ப் பார்க்கிறார்: இனம் உண்டா? உண்டென்றால் அடை பிரிக்கட்டும். இல்லையென்றால், உயில் எழுதியவர் செய்யுள் எழுதியிருக்கிறார் என்று விட்டுவிடலாம். சட்டக் கல்லூரியில் நூற்பாவையும் தமிழ்த்துறையில் உயிலையும் சேர்த்து வைத்துப் பாடம் நடத்தினால் இரண்டு பக்கத்து மாணவர்களுக்கும் கொஞ்சம் உயிர் வரும் என்பது என் நெடுநாள் ஆசையில் புதிதாகச் சேர்ந்தது.

பெயரெச்சத்தில்தான் நமக்கு உண்மையான இடர்ப்பாடு. 'வெளிநாட்டில் இருக்கும் என் தம்பிக்கு ஒரு பங்கு' என்று எழுதினால், தம்பி ஒருவனா, பலரில் வெளிநாட்டில் இருப்பவனா என்பதை வாக்கியம் சொல்லாது. ஆங்கிலத்தில் காற்புள்ளியாவது கொஞ்சம் உதவும். தமிழில் எச்சத்துக்கும் பெயருக்கும் நடுவில் புள்ளி வைக்க இடமே இல்லை. அதனால்தான் நல்ல எழுத்தர்கள் பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். படிக்கச் சலிப்பூட்டும் அந்த அடுக்கு, ஒன்று பிசகினாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும் என்பதற்காகக் கட்டியது.

மீண்டும் வயலுக்கு வருகிறேன். நில அளவர் வந்து சங்கிலி பிடித்தபோது நான்கெல்லைக்குள் இருந்தது 97 சென்ட். எங்கள் பக்கத்தில் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா; மூன்று மா என்றால் 43,200 சதுர அடி, ஏறத்தாழ 99 சென்ட் இருக்க வேண்டும். அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. ஏனெனில் எண்ணை எழுதும்போது கை தவறலாம், வாய்க்காலை எழுதும்போது அவ்வளவு எளிதில் தவறாது. இரண்டு சென்ட்டுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தெற்கு எல்லையில்தான் சிக்கல். கணக்குப்பிள்ளை வகையறா நிலம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க, அவருடைய பேரனிடம் கேட்டு அவர்கள் பத்திரத்தை வாங்கிப் பிரித்தால், அவர்கள் நிலம் எங்கள் தாத்தாவின் நஞ்சைக்குத் தெற்கு என்று இருந்தது. எங்களைக் கேட்டால் அவர்களைக் காட்டுகிறோம், அவர்களைக் கேட்டால் எங்களைக் காட்டுகிறார்கள். வரப்பும் பலமுறை வெட்டிப் போட்டது. கடைசியில் புலப்படத்தை வைத்து, சேற்றுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் சாய்ந்து கிடந்த சர்வே கல்லைக் கடப்பாரையால் தட்டிக் கண்டுபிடித்தோம். கல்லின் தலையில் இருந்த குறியைக் கழுவிப் பார்த்த நில அளவர், 'இது போதும்' என்றார்.

பாகப் பத்திரம் எழுத உட்கார்ந்தபோது மேற்கு எல்லைக்கு வந்து நின்றேன். திடல் இப்போது ஆறு வீட்டு மனைகள். பனை எப்போது விழுந்தது என்று என் அப்பாவுக்கே நினைவில்லை. 'முன்பு ஒற்றைப் பனை நின்ற திடல்' என்று போடலாமா என்று எழுத்தரைக் கேட்டேன். இவ்வளவு படித்த பிறகு ஒரு எச்சத்தையாவது சரியாக எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். 'மூலப் பத்திரத்துல உள்ளபடியே இருக்கட்டும் தம்பி. மாத்துனா வேற திடலோன்னு கேட்பாங்க' என்று சொல்லிவிட்டு, புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கீழே சேர்த்துக்கொண்டார். ஆகவே சென்ற பங்குனியில் பதிவான எங்கள் புதிய பத்திரத்தின்படி, என் பங்கு நிலம் ஒற்றைப் பனை நிற்கும் திடலுக்குக் கிழக்கே இருக்கிறது.